குழியாடியின் மேல் போடாத சாக்கு

14.9.81, திங்கள்.
விடிந்ததிலிருந்து மூடுபனி. பள்ளி வேலி கண்ணுக்குத் தெரியவில்லை. சூரிய அடுப்பு இன்றும் பயன்படவில்லை. பத்தாம் வகுப்புக்குக் குவியம் கரும்பலகையோடு சரி. அடுப்பின் குழியாடியில் இரண்டு கண்ணாடித் துண்டுகள் பெயர்ந்துள்ளன. ஒட்ட வேண்டும்.

மாலை தூறல். கிழக்கு நோக்கிய நிலையிலேயே ஆடியை நகர்த்தி, பள்ளி வளாகத்திலேயே இருக்கும் ஆய்வக உதவியாளர் சவரிமுத்து வீட்டின் தாழ்ந்த புல்கூரைக்குக் கீழ் வைத்தேன். அதை மூடும் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரம் ரசப்பூச்சைக் கெடுக்கும். அவர் மனைவி மரியம்மாளிடம் அடுப்படியில் உலர்த்தக் கொடுத்தேன். பதிவேட்டில் வழக்கம்போல்: 'ஆடி மூடப்பட்டது, 4.30.' கையொப்பம். வெயிலே இல்லாதபோது மூடியென்ன, மூடாவிட்டால் என்ன.

15.9.81, செவ்வாய்.
காலை 7.40. பனி சட்டென்று விலகி, சுள்ளென்று வெயில். ஐந்து நிமிடத்தில் கூச்சல். ஆடியின் குவியத் தொலைவு இரண்டரை அடி. கூரையின் அடிப்புறக் காய்ந்த புல் சரியாக அங்கே. தீப்பற்றிவிட்டது. மரியம்மாள் குடம் குடமாக ஊற்றி அணைத்தாள். யாருக்கும் காயமில்லை. உள்ளே கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு முழுதும் வெந்துபோயிற்று. அடுத்த மாதம் மேல்மலையில் அவள் தகப்பனார் நிலத்தில் ஊன்ற வைத்திருந்தது.

தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். "சார் மூடிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்காரு. அப்ப சாக்க எடுத்தது யாரு?"

எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. நானும்.

16.9.81, புதன்.
சவரிமுத்து வேலைக்கு வர வேண்டாமென்று வாய்மொழி உத்தரவு. சனியன்று தாளாளர் வந்து முடிவு சொல்வார். பன்னிரண்டு ஆண்டுச் சேவை.

ஓய்வறையில் கணித ஆசிரியர்: "குளுருக்கு அந்தச் சாக்கப் போத்திட்டுப் படுத்திருப்பான்யா!" ஒரே சிரிப்பு. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

செய்ய வேண்டியவை: 1. காலாண்டு வினாத்தாள். 2. கண் சொட்டு மருந்து. 3.

இரவு உணவின்போது மனைவி எஸ்தர்: "அரமணி நேரமா வெறும் சோத்தப் பெசஞ்சுக்கிட்டிருக்கீங்க. மனசுல என்னங்க சோலி?" ஒன்றுமில்லை என்றேன். இரண்டாவது பொய். முதலாவதை மையில் எழுதிவிட்டேன்.

17.9.81, வியாழன்.
முதல் மணிக்கு முன் தலைமையாசிரியரிடம் சொன்னேன்: சாக்கை நான் போடவே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "விடுங்க சார். போடாமலே போட்டதா எழுதுனீங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஆய்வகப் பதிவேடு பூராவையும் சந்தேகப்படுவாங்க. சவரிக்கு வேற எடம் பாத்துக் குடுப்போம். இத இத்தோட மறந்துருங்க."

வெளியே வந்தபோது ஒரு கணம் நெஞ்சு இலேசாக இருந்தது. வெட்கக்கேடு. ஆயினும் எழுதி வைக்கிறேன்.

மூன்று பாடவேளைகள். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. மாலை சவரிமுத்து வீடு. ஏணியில் நின்று புதுப் புல் வேய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். இறங்கவில்லை.

"தெரியும் சார்."

கீழிருந்து மரியம்மாள்: "சாக்குதான் எங்க அடுப்படியிலயே கெடக்கே! போயிச் சொல்லும்யான்னு இவரத்தான் வஞ்சேன். 'சாரே சொல்லுவாரு, நீ வாய மூடு'ன்னாரு. இன்னையோட மூணு நாளாச்சு சார்."

"ஏ, விடு புள்ள," என்றார் மேலிருந்து.

18.9.81, வெள்ளி.
மெல்லிய பனி. கடிதம் இரண்டு படிகள்: தாளாளருக்கு, தலைமையாசிரியருக்கு. கொடுப்பதற்கு முன் ஓய்வறையில் எல்லோர் எதிரிலும் படித்தேன். நான்கே வரி. கணித ஆசிரியர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியர் கடிதத்தை மடித்தார். "சரி, சவரி திங்கக்கெழம வரட்டும். நாளைக்குத் தாளாளர் முன்னால நீங்க வந்து நில்லுங்க." நிற்பேன்.

ஞாயிறன்று பூம்பாறைச் சந்தைக்குப் போய் விதைப்பூண்டு வாங்கித் தர வேண்டும். காலை முதல் பேருந்து. மாலை சவரிமுத்து வீட்டுக்குப் போய், நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன். மரியம்மாள் ஒப்பவில்லை.

"நானும் வாரேன் சார். நீங்க மூட்டையப் பிரிச்சே பாக்காம கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துருவீங்க."