மூடிய பாதையின் இழுவை

மார்ச் 4
எங்கள் துணைமின் நிலையத்திலிருந்து ஆலைகளுக்கும் ரயிலுக்கும் அனுப்பும் மின்சாரத்தில் வீணாவது எங்கே என்று கண்டுபிடிக்க உத்தரவு. ஒவ்வொரு லைனாகப் பார்த்தேன். ஆலைகள் பக்கம் சரி. மலை ரயில் பாதையில்தான் போகிறது. ஆனால் மலைமேல் இருந்த சுரங்கம் மூடியதிலிருந்து அங்கே வண்டியே ஓடவில்லை. கம்பியைத் திருடாமலிருக்க மின்சாரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். மதியமானால் மீட்டர் முள் மெல்ல ஏறுகிறது — பாரவண்டி மேடேறுவது போல.

மார்ச் 5
இன்றும்.

மார்ச் 9
என் தம்பிதான் அந்தப் பகுதிக்கு லைன்மேன். போய்ப் பார்த்து வந்தான். யாரும் கொக்கி போட்டுத் திருடவில்லை, கம்பியில் கிளை உரசலும் இல்லை.
"தண்டவாளத்துல இடுப்பளவு புல்லு கெடக்குக்கா. பேய்தான் ஓசியில வண்டி ஓட்டுது."
எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்குகிற வண்டி பிரேக் பிடித்தால் மின்சாரம் திரும்பி வரும். முள் பூஜ்யத்துக்குக் கீழே சாயும். இங்கே ஏறுவது மட்டும்தான், ஒருநாளும் சாயவில்லை. அப்படியானால் மேலே எத்தனை வண்டி நிற்கிறது?

மார்ச் 16
பொறியாளர் சொல்லிவிட்டார்: "ஆராய்ச்சியெல்லாம் வேணாம்மா. லைனை கட் பண்ணுங்க, கம்பியக் கழட்டிடலாம்." கழற்றப்போவது தம்பி.

மார்ச் 18
காலையில் நானே சுவிட்சைத் திறந்து மின்சாரத்தை நிறுத்திப் பூட்டினேன். சாவி என்னிடம். மதியம் முள் அசைந்தது. கீழே சாய்ந்தது. செத்த லைன்ல எதுடா இறங்கி வருது?
கம்பத்தில் இருந்த தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், கீழ இறங்கு!"
"எர்த் போட்டிருக்கேன்க்கா, கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போயிடும், பயப்படாத."
"இறங்குன்னா இறங்குடா!"
இறங்கினான். அவன் விலகி நின்றதும் எர்த் கம்பி கருகி அறுந்ததாம், போனிலேயே சொன்னான். காற்றே இல்லை, புல் மட்டும் வரிசையாகச் சாய்ந்துகொண்டே போனதாம்.

மார்ச் 19
வீட்டுக்கு வந்ததிலிருந்து தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். "இவருக்கு என்னாச்சு அண்ணி?" என்கிறாள் அவன் மனைவி.

மார்ச் 27
இன்றுதான் வாய் திறந்தான்.
"ரெண்டாவது தடவ இறங்குன்னு சொன்னியே, கூடவே ஒரு ஆம்பளையும் சொன்னாரே. யாருக்கா அவரு?"
அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

ஏப்ரல் 20
வேறு ஆட்கள் வந்து கம்பியைக் கழற்றிவிட்டார்கள். வீணானது நின்றது, மேலிடத்திலிருந்து பாராட்டு. தம்பி ஆலை லைனுக்கு மாறிக்கொண்டான். தனியாகப் பணியில் உட்கார முடியாது என்று பொறியாளரிடம் சொன்னேன். ஏனென்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. மதியமானால் தன் நாற்காலியை என் அறைக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். விலைவாசி, வெயில், அவர் மகளின் படிப்பு — ஓயாமல் பேசுகிறோம். பேச்சு நின்றுவிடாமல் இருவருமே பார்த்துக்கொள்கிறோம்.