இரண்டு இடத்தில் இருந்த நாற்பது நாள்

பார்வதிபுரம், நாகர்கோவில்
30.11.2025

அன்பு மகன் ஜெப்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நான் நல்ல சுகம், அங்கே துபாயில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நான் நல்ல சுகம் என்பதை இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கையெழுத்துக்காக நீ அனுப்பிய தாள்களின்படி எனக்கு இரண்டரை வருடமாக ஒரு பக்கம் விழுந்து பேச்சும் கிடையாது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று நீயே ஒரு நாள் உளறிவிட்டாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது என்பதால் எழுதி, எதிர்வீட்டு மரியான் புதன்கிழமை துபாய்க்குத் திரும்புகிறான், அவன் கையில் நேந்திரங்காய் சிப்ஸோடு கொடுத்துவிடுகிறேன்.

உன் கனடா கன்சல்டன்ட் தயாரித்த நாலு பக்கத்தையும் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தேன். எனக்குப் புரிந்தது சரியா என்று பார். உன்னிடம் இருக்கிற பி.ஆர். அட்டை கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கிறவன் என்று சொல்லுகிற அட்டை, அந்த நிரந்தரத்துக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், அந்த ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாளாவது நீ அங்கே இருந்திருக்க வேண்டும். நீயோ வேலை போனதும் இரண்டே வருடம் அம்மா என்று சொல்லித் துபாய்க்கு வந்து இப்போது நாலாவது வருடம் நடக்கிறது. பிப்ரவரியில் அட்டை முடிகிறது, நூற்றுப் பதினெட்டு நாள் குறைகிறது. அந்தக் குறையை மன்னிக்கக் கனடாக்காரனுக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணமாக என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 2023 மார்ச்சில் பக்கவாதம் வந்ததாம், ஒரே மகனான நீ ஓடி வந்து பார்க்க வசதியாகத் துபாயில் வேலை எடுத்தாயாம், லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து என் படுக்கைப் பக்கத்திலேயே இருந்தாயாம். நீ துபாய்க்குப் போனது 2022 ஜூலையில். எனக்கு வரப்போகிற வாதத்தை எட்டு மாதம் முன்னாலேயே தெரிந்துகொண்டு போயிருக்கிறாய், பெரிய ஆள்தான்.

நான் முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்தவள் என்று அந்த மனிதரிடம் நீ சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு இடது கை இடது கால் விழுந்து அதோடு பேச்சும் போனது என்று எழுதியிருக்கிறார். பெரும்பாலும் வலது பக்கம் விழுந்தால்தான் மக்கா பேச்சு போகும், இதைப் படித்துவிட்டு அங்கே உள்ள டாக்டர் சிரிப்பார். நான் வாய் பேச முடியாமல் கிடந்ததாகச் சொல்லும் ஏப்ரலில் சபைப் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துத் திற்பரப்புக்குப் போனோம், போகும்போதும் வரும்போதும் பாட்டு எடுத்துக் கொடுத்தது நான், அருவியில் நின்று எடுத்த படம் ஆண்டு மலரில் பல் தெரிய வந்திருக்கிறது. மூன்று வாரம் நினைவு தப்பிக் கிடந்தவளை எப்படித் திருப்பிப் படுக்க வைத்தீர்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது, படுக்கைப்புண்ணும் வரவில்லை. இப்படி ஒரு நோயாளி எனக்கு ஒருத்தர்கூடக் கிடைத்ததில்லை. தப்புகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறேன், அடுத்த அம்மாவுக்காவது உதவும்.

இதெல்லாம் சிரிப்புக்கு. ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாம் பக்கத்தில் நீ கனடாவில் இருந்த நாட்களின் பட்டியல் இருக்கிறது, அதில் 2024 ஜூன் பத்து முதல் ஜூலை பத்தொன்பது வரை நாற்பது நாள். நாலாம் பக்கத்தில் நீ அம்மாவைப் பார்த்துக்கொண்ட லீவு இருக்கிறது, அதுவும் அதே ஜூன் பத்து முதல் ஜூலை பத்தொன்பது. சார்ட் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது தப்புமா. ஒரே நாற்பது நாளை அங்கேயும் வைத்திருக்கிறார், என் படுக்கைப் பக்கத்திலும் வைத்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிய முத்திரை மூன்று வருடத்தில் உன் பாஸ்போர்ட்டில் இரண்டுதான் இருக்கும், ஒன்று உன் சிநேகிதன் எபிசன் கல்யாணத்துக்கு வந்தது, இன்னொன்று கிறிஸ்துமஸுக்கு, இரண்டும் சேர்த்துப் பதினோரு நாள். இதைக் கனடாக்காரன் பார்க்க மாட்டான் என்று எப்படி நினைத்தீர்கள்? பொய் என்று கண்டுபிடித்தால் அட்டை போவதோடு நிற்காது, திரும்ப அந்த வாசலை மிதிக்கவே விடமாட்டான் என்று எனக்கே தெரிகிறது.

அந்த நாற்பது நாளில் நான் எங்கே இருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதா. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உண்மையாகவே இருந்தேன், டியூபும் தையலுமாக. நீ போனில், இப்ப கெளம்பினா கனடா கணக்குல நாள் கொறஞ்சு போவும்மா, ஓமனா அக்கா இருக்காவல்லா என்றாய். வர வேண்டாம் என்று சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீ அதை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஓமனா தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒங்களுக்க மவன் வரல்லேண்ணா என்ன, நான் நிக்கேன், நீங்க ஒண்ணும் வெசாரப்படாண்டாம் அக்கா என்று சொல்லிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டபோது தங்கச்சி என்று கூசாமல் சொன்னாள். அவளும் பொய்தான் சொன்னாள், ஆனால் சொன்ன பிறகு ஒன்பது நாளும் தங்கச்சியாகவே இருந்தாள்.

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து உனக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் அம்மா செசிலி நல்ல மாதிரி, காப்பி குடித்து முடித்ததும், பையன் எங்க தாமசம் என்று கேட்டாள். கனடா என்றேன், அப்படியானால் லீவுக்கு வந்தால்தான் பார்க்க முடியுமா என்றாள், இல்லை, இப்போது துபாயில் என்றேன், துபாய்ப் பையனா என்று முகம் கொஞ்சம் மாறியது, இல்லை, அட்டை கனடாதான் என்றேன். பெறவு லீவுக்கு எங்க வருவாரு என்று கேட்டாள். லீவுக்குக் கனடாவுக்குப் போவான் என்று சொல்லும்போது எனக்கே என்னவோ போல் இருந்தது. அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள், யோசிக்கட்டும்.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். நாலாம் பக்கத்தை வாசித்து அழுதேன். அதில் ஒரு ஜெப்சன் இருக்கிறான். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறான், வாயைத் துடைத்துவிடுகிறான், கையைப் பிடித்து முற்றத்தில் நடக்க வைக்கிறான், அம்மா பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிக்கிறான். கூலிக்கு எழுதினாலும் அந்த மனிதர் நன்றாக எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பையனை மிகவும் பிடித்துவிட்டது. நீ அவனைப் பார்த்தால் அம்மா கேட்டதாகச் சொல்லு, ஜனவரியில் அவனுக்கு ஒழிவு உண்டா என்றும் கேள்.

ஏனென்றால் என் வலது முட்டு இனித் தாங்காது. ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போட்ட ஆபரேஷனுக்கு ஜனவரி பத்தொன்பது தேதி வாங்கிவிட்டேன். ஆறு வாரம் கூட நிற்க ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லீவைக் கனடாவில் கழிக்காமல் இங்கே நீ வந்தால் உன் கணக்கில் இன்னும் ஆறு வாரம் குறையும் என்பது தெரிந்துதான் கேட்கிறேன், போன தடவை போல வர வேண்டாம் என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். அட்டை போகட்டும் என்றும் நான் நினைக்கவில்லை, அதற்காக நீ அங்கே பனியில் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் கனடாக்காரனுக்கு நானே ஒரு கடிதம் எழுதி, ஓமனா மகள் இந்துஜாவை வைத்து ஆங்கிலத்தில் அடித்து, கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். என் மகன் வேலை போனதால்தான் துபாய்க்குப் போனான், சோம்பேறி இல்லை, உங்கள் நாட்டுக்கே திரும்ப வர விரும்புகிறான், லீவு கிடைத்தபோதெல்லாம் பெற்ற தாயிடம் வராமல் உங்களிடம்தான் வந்தான், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று இந்துஜா கேட்டாள், அதுதான் உள்ளதில் நல்ல வரி, இருக்கட்டும் என்றேன். உன் நாலு பக்கத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன், அதற்காக என்மேல் கோபப்படாதே.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. ஏசியை இருபத்திநாலுக்குக் கீழே வைத்து உறங்காதே, சிப்ஸை மரியானோடு பங்கு வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, போக்கைக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார், இனி வரத்தையும் காக்கட்டும். ஒன்று மறந்துவிட்டேன், ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தை எல்லாம் நிரப்பிவிட்டேன், கூட இருப்பவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் உன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரி பத்து வரை அழிக்கமாட்டேன், அதற்குப் பிறகு பேனாவோடு ஓமனா வருவாள்.

இப்படிக்கு,
இரண்டு கையும் விளங்குகிற, பேச்சும் போகாத
உன் அம்மா
ராகேல்