கருணை மதிப்பெண்

2016 ஜனவரி 7, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். குடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். முழங்கால் முணுமுணுக்கிறது.

எதிர்வீட்டுத் தர்சினியோடு மருத்துவமனை (இனி ம.மனை). அவளுக்கு ஏழாம் மாதம். பிரெஞ்சு வராது. கணவன் கஜனுக்குச் சமையலறை பிரெஞ்சு மட்டும்: வெங்காயம், கத்தி, சீக்கிரம். ரூ லூயி-பிளாங் தெருவில் அவன் வேலை செய்யும் உணவகத்தில் அதற்கு மேல் தேவைப்படவில்லையாம். அதனால் நான். யாழ்ப்பாணத்தில் அவள் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். அதனாலும் நான்.

கர்ப்பகாலச் சர்க்கரையாம். தாதி ஒரு சின்ன மெஷின் கொடுத்தாள். தினமும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று இருபதை (நம்மூர்க் கணக்கில் நூற்றிருபது) தாண்டக் கூடாது. திங்கள்தோறும் எண்களைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் (என் வேலை). அடிக்கடி தாண்டினால் இன்சுலின் ஊசி. வயிற்றில்.

வயிற்றில் என்றதும் தர்சினி இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"பிள்ளையில குத்துப்படாதோ ரீச்சர்?"

தாதி படம் வரைந்து காட்டினாள். தோல், கொழுப்பு, அதற்கும் வெகு கீழே பிள்ளை. தர்சினி படத்தையும் தாதியையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை.

பஸ்ஸில் என் பள்ளிக்கூடப் பாணியில் ஓர் உதாரணம். லா ஷாப்பல் மெட்ரோ வாசலை நினைத்துக்கொள். சர்க்கரைதான் பயணிகள். இன்சுலின் டிக்கெட். டிக்கெட் போதவில்லை, கூட்டம் வாசலில் தேங்குகிறது. தேங்கினது பிள்ளை பக்கம் போகும், பிள்ளை அளவுக்கு மேல் கொழுக்கும்.

"அப்ப என்ர பிள்ளை இப்பவே டிக்கெட் இல்லாத ஆக்களோட கூட்டுச் சேந்திட்டுது" என்றாள். முன்னால் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

வாங்க வேண்டியது: வெந்தயம், பாகற்காய், முட்டை, என் தைலம்.

ஜனவரி 11, திங்கள்

முதல் தொலைபேசி. எண்கள் எல்லாம் நல்லவை. "அருமை" என்றாள் தாதி. நான் பரீட்சை எழுதியது போல எனக்கு மகிழ்ச்சி.

ரொட்டிக் கடை முழுக்க ஜனவரி மாதத்துப் பாதாம் கேக். ஒரு துண்டு வாங்கி வந்து, அவளுக்கு வாசனை போகாமலிருக்க ஜன்னலைத் திறந்து வைத்துத் தின்றேன். குளிர்.

ஜனவரி 15, வெள்ளி. பொங்கல்.

செய்யாமலே இருந்திருக்கலாம். ஒருத்திக்கு எதற்குச் சர்க்கரைப் பொங்கல்? பழக்கம். நெய் வாசனை படிக்கட்டு வரைக்கும் போயிருக்கிறது. தர்சினி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். கையில் போன். போனிலிருந்து அவள் அம்மா:

"ரீச்சர், பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டி பிள்ளைக்குக் காதில சீழ் வடியும். ஒரு வாய் குடுங்கோ. பொங்கலண்டு அது பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது."

எங்கள் புதுச்சேரியிலும் இதையேதான் சொல்வார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சு வேறு, சமையல் வேறு. இந்தக் காதுச் சீழ் மட்டும் ஒன்று.

ஒரு கரண்டி. இன்னொன்று. அவள் கண்ணை மூடிச் சாப்பிட்டதைப் பார்த்துக் கிண்ணத்தையே கொடுத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து: 1.62.

"இனி ஊசிதானோ ரீச்சர்?" கை மறுபடி வயிற்றை மூடிக்கொண்டது.

"ஒரு நாளைக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றேன்.

ஜனவரி 18, திங்கள்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள். முப்பத்திரண்டு வாங்கின பிள்ளைக்கு மூன்று சேர்த்து முப்பத்தைந்தாக்கிப் பாஸ் போடுவோம். கருணை மதிப்பெண். எல்லா ஆசிரியர்களும் போடுவார்கள். அந்தப் பிள்ளை ஒரு வருஷத்தை இழக்காது. யாருக்கும் நஷ்டமில்லை.

தொலைபேசியில் வெள்ளிக்கிழமை மதியம் எவ்வளவு என்று தாதி கேட்டதும் அப்படித்தான் வாயில் வந்தது. ஒன்று பதினெட்டு என்றேன்.

தர்சினி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிரெஞ்சு எண்கள் அவளுக்குப் புரியாது.

"என்ன சொன்னவா?"

"பரவாயில்லையாம்."

என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 25, திங்கள்

இந்த வாரம் தாண்டின எண்கள் மூன்று. கஜன் உணவகத்திலிருந்து கொண்டுவந்த கொத்துரொட்டி ஒரு நாள். மற்ற இரண்டும் ஏனென்று தெரியவில்லை. பாவம், அவள் சோற்றைக் கரண்டியால் அளந்துதான் சாப்பிடுகிறாள்.

மூன்றையும் இறக்கிச் சொன்னேன். எல்லாம் நன்றாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றை மட்டும் ஒன்று இருபத்திரண்டில் விட்டேன். இந்தச் சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது?

பிற்பகல் தூங்கவில்லை. சும்மா படுத்திருந்தேன்.

பிப்ரவரி 1, திங்கள்

மறுபடியும். இந்த முறை யோசிக்கக்கூட இல்லை. அதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 6, சனி

ம.மனைக்குக் கொண்டுபோகும் பை. அவர்கள் கொடுத்த பட்டியலை நான் வாசிக்க, கஜன் எழுதினான்: குட்டிச் சட்டை ஆறு, தொப்பி, காலுறை, தூங்கும் பை. எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அவள் அம்மாவோ பிள்ளை பிறக்குமுன் புதுத் துணி வீட்டுக்குள் வரவே கூடாது என்கிறாள்.

"கட்டிலை என்ன செய்தீங்க?" என்று கேட்டேன். பிள்ளைக்கென்று தள்ளுபடியில் வாங்கியிருந்தான்.

"கார்ஜில அண்ணை வீட்டில நிக்குது ரீச்சர். அண்ணையின்ர பூனை படுக்குது."

"பூனைக்கெண்டு வாங்கினதெண்டு அம்மாட்டைச் சொல்லிவிடுங்கோ" என்றாள் தர்சினி.

கடைசியில் தீர்ப்பு: துணிகளும் புறநகர் கார்ஜில் பூனையோடு இருக்கும், வலி கண்டதும் அண்ணை பையோடு வருவார். முதலில் உடுத்த என் கணவரின் பழைய வேட்டி. மெத்தென்றிருக்கும். வெந்நீரில் அலசிக் கிழித்துக் காயப் போட்டேன். மற்ற வேலைகளைச் செய்யும்போது அந்தத் தொலைபேசி நினைவு வருகிறது. துணி கிழிக்கும்போது வரவில்லை.

பிப்ரவரி 18, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

ஸ்கேன். பிள்ளை இந்த மாதத்துக்கு மிகப் பெரிது. பனிக்குட நீரும் அதிகம். "எண்கள் இவ்வளவு நன்றாக இருக்கும்போது இது எப்படி?" என்று டாக்டர் தாதியைக் கேட்டார். அவர் கேட்டதில் குற்றச்சாட்டே இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

தாதி தர்சினியிடம் மெஷினை வாங்கினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். மறுபடி, மறுபடி. பழைய எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த மெஷின் எல்லாவற்றையும் தனக்குள் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பொங்கலும் வந்தது, 1.62.

தாதி திரும்பியது தர்சினி பக்கம். என் பக்கம் அல்ல.

"நீங்கள் பொய் எண் கொடுத்தால் எங்களால் உங்களைக் கவனிக்க முடியாது. இது உங்கள் பிள்ளையின் உயிர். ஊசி வேண்டாம் என்பதற்காகப் பிள்ளையை ஆபத்தில் விடுவீர்களா?"

ஊசியைப் பற்றியும் சொல்லிவிட்டு, நான் தமிழில் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

நான் சொன்னது: "சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்காம். ஊசி ஆரம்பிக்கணுமாம். போட்டதும் கண்டிப்பா சாப்பிடணுமாம்."

தர்சினி தாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவா எவ்வளவு நேரம் கதைச்சவா. இவ்வளவுதானோ ரீச்சர்?"

"இவ்வளவுதான்."

பொய் சொன்னவளாக ம.மனையில் அவளைப் பதிந்துகொண்டார்கள். அவளுக்கு அது தெரியாது. நான் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 20, சனி

இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்க வீட்டுக்கு ஒரு தாதி வந்து போனாள். தர்சினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தானே போட்டுக்கொள்கிறாளாம். நான் பயந்த அளவுக்கு அவள் பயப்படவில்லை.

"மெசின் பிழையோ ரீச்சர்? இவ்வளவு நாளும் பரவாயில்லை எண்டவா. திடீரெண்டு எப்பிடிப் பிள்ளை பெருத்தது? நான் என்ன பிழை விட்டனான்?"

இன்றாவது சொல்லியிருக்கலாம். தைலம் தேய்க்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

மதியம் கஜன் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினான். ஓடினேன். தர்சினி தரையில், சுவரில் சாய்ந்து, வியர்த்து, கை நடுங்க. ஊசி போட்டுவிட்டு வெள்ளரிக்காய் மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். பிள்ளை இனியும் பெருக்கக் கூடாதென்று வெள்ளியிலிருந்தே சோறு இல்லை, ரொட்டி இல்லை.

ஆரஞ்சுச் சாறு கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது, நானும் தொட்டுப் பார்த்தேன்.

"சாப்பிடச் சொல்லித்தானேடி சொன்னவை!" கஜன் அழுதுகொண்டே ஏசினான்.

"முந்தியும் எல்லாம் நல்லமெண்டுதானே சொன்னவை" என்றாள் அவள்.

யாருடைய சொல்லை அவள் நம்பாமல் போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 22, திங்கள்

ஒன்பது மணிக்குத் தாதிக்குப் போன் செய்தேன். எண்களை மாற்றியவள் நான், நோயாளி அல்ல என்றேன். முதலில் நேற்றைய மயக்கத்தைப் பற்றி விசாரித்தாள், ஊசி அளவை மாற்றினாள். அப்புறம்தான் அதற்கு வந்தாள். கோபப்படவில்லை. அவள் பதிவில் திருத்தி எழுதும் சத்தம் கேட்டது. "இனி எங்கள் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் பேசுவார். நீங்கள் வர வேண்டியதில்லை, மதாம்."

பிறகு எதிர்வீடு. இருவரும் இருந்தார்கள். கஜன் தேநீர் போட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை தாதி ஏசியதையும், நான் விழுங்கியதையும்.

கஜன் தன் கோப்பையைக் கீழே வைத்தான். தர்சினி என் பக்கம் திரும்பினாள்.

"என்னைப் பொய்க்காரி எண்டே நினைச்சவா?"

"ஆமாம்மா."

"நான் உங்களுக்குப் பக்கத்திலதானே இருந்தனான் ரீச்சர். ஒவ்வொரு திங்களும் உங்கட வாயையே பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நீ ஊசிக்குப் பயந்தேன்னு…"

"நான் பயந்தனான்தான். பயந்தா என்ன? பயந்து பயந்து போட்டிருப்பன்."

பள்ளிக்கூடத்தில் பாஸ் போட்டு அனுப்பின பிள்ளைகள் அடுத்த வகுப்பில் என்ன ஆனார்கள் என்று ஒரு முறைகூட நான் போய்ப் பார்த்ததில்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ ரீச்சர்" என்றான் கஜன், மரியாதையாக. குடித்தேன்.

பிப்ரவரி 26, வெள்ளி

வாசலில், நான் அவளுக்குக் கொடுத்திருந்த வெந்தய டப்பா. கழுவி, துடைத்து, காலியாக. மணி அடிக்கவில்லை.

மார்ச் 2, புதன்

ஆலங்கட்டி மழை. படிக்கட்டில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கி வழி விட்டாள். ஒன்பதாம் மாதத்தில் அவள் எனக்கு ஒதுங்குகிறாள். வயிறு இறங்கியிருக்கிறது. சாப்பிடுகிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. கஜன் நேற்று மீன் வாங்கிவந்த பை கண்ணில் பட்டது. அதை வைத்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

மார்ச் 7, திங்கள்

மதியம் பன்னிரண்டு இருக்கும். கதவு தட்டும் சத்தம். தர்சினி. கையில் போன், ஸ்பீக்கரில் ம.மனை. மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லையாம். கஜன் வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறான். அவளுக்கு "இன்று" என்ற ஒரு சொல் மட்டும் புரிந்திருக்கிறது.

"அவா சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ ரீச்சர். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்."

அதே தாதிதான். என் குரல் கேட்டதும் சற்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். நானும் வாக்கியம் வாக்கியமாக.

டாக்டர் இனிக் காத்திருக்க விரும்பவில்லை. இன்று மாலை வந்து சேர வேண்டும். நாளை மருந்து கொடுத்து வலி வரவைப்பார்கள். பிள்ளை பெரிது, தோள் சிக்கலாம். சரிப்படாவிட்டால் அறுவை. பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை கீழே போகலாம், அப்போது உன்னிடமிருந்து பிரித்து வேறு அறையில் வைப்பார்கள். எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியாது.

தோள் என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன்.

அவள் போனில் தானே "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னாள். வைத்துவிட்டாள்.

"பயமாக் கிடக்கு. நல்லா முடியுமோ ரீச்சர்?"

நல்லா முடியும் என்பது நாக்கு நுனியில் இருந்தது. பரீட்சைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் தட்டிச் சொன்னது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை. "ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குக் கஜனும் கார்ஜ் அண்ணையும் அவளும். லிஃப்ட் வரத் தாமதம். நான் என் கதவருகிலேயே நின்றேன். லிஃப்டுக்குள் ஏறினபின், கதவு மூடுவதைக் கையால் தடுத்துக்கொண்டு, "போயிட்டு வாறன் ரீச்சர்" என்றாள்.