உன் அட்டையையும் நான்தான் நீட்டினேன்

காலையில் ஊசி குத்திய விரல் இன்னும் சுருக்கென்கிறது. பஞ்சில் இருந்த ஸ்பிரிட் வாடை கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கையால்தான், கூட்டாளி, உனக்கு எழுதுகிறேன்.

இன்று தேயிலைத் தோட்டத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். சீனி வியாதி உள்ள வயதானவர்களுக்கு மறதி வருகிறதா என்று பார்க்கிறார்களாம். ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார்கள். ஐந்தையும் சொன்னேன். வந்திருந்த கிழடுகளில் முக்கால்வாசிப் பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களோடு வந்த யாழ்ப்பாணத்து டாக்டர் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

"இவ்வளவு காலம் சீனி இருந்தும் உங்களுக்கெல்லாம் நல்ல ஞாபகம், அம்மா."

நான் விடவில்லை.

"அப்ப என் கூட்டாளி? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் சீனின்னு சொன்னாங்க. அவ எல்லாத்தையும் மறந்துதான் செத்தா. அவள எங்க எழுதியிருக்கீங்க?"

"உயிரோட இருக்கிறவையைத்தானே அம்மா கேட்கலாம்?"

"மறந்தவங்க மொதல்லயே போய்ட்டாங்க. மிச்சம் இருக்கிற எங்கள மட்டும் கேட்டா எல்லாம் நல்லாத்தானே இருக்கும்!"

அந்தப் பிள்ளை பேனாவை வைத்துவிட்டது. "உண்மைதான். கிளினிக் அட்டையில அவவைப் பற்றி ஏதும் எழுதியிருப்பினமோ?"

கையில் இருந்த என் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

செடியெல்லாம் கவ்வாத்து வெட்டி மொட்டையாய்க் கிடந்த மலையில், கொழுந்தைத் தேடிக்கொண்டு கூடையோடு தனியாக நின்றாயே, அன்று கங்காணி ஏசினார். எல்லாரையும்விட நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

"சீனி மண்டைக்கு ஏறிருச்சாடி?"

"போடி, ஒனக்கு மட்டும் எறங்கிருச்சாக்கும்!" என்றாய்.

இரண்டு பேரும் கிளினிக் போனால் இரண்டு பேருக்கும் வேலைநாள் போய்விடும் என்று, உன் அட்டையையும் வாங்கிக்கொண்டு நான் மட்டும் பதுளை பஸ் ஏறுவேன். "இவங்க எப்படி?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்காங்க" என்பேன். மாதா மாதம் அதையே எழுதிக்கொண்டார்கள். கொண்டுவந்து கொடுத்த மாத்திரையை நீ போட்டாயா, மறந்தாயா, மறந்துபோய் இரண்டு தடவை போட்டாயா? நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் நீ எழும்பவில்லை.

உன்னைச் சாகவிட்ட மறதி எந்த அட்டையிலும் இல்லை. இல்லாமல் செய்தது நான்.

அட்டையில் ஒன்றும் இராது என்றேன். டாக்டர் தனித் தாள் ஒன்றில் உன் வயதை எழுதிக்கொண்டார். "மறதி எப்ப தொடங்கினது?"

நினைத்துப் பார்த்தேன். அந்த மொட்டை மலைக்கு முன்னாலா? அதற்கும் முன்னாலா? பக்கத்துக் காம்பராவில்தான் குடியிருந்தாய். பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுத்தாய்.

"தெரியாதுன்னு எழுதுங்க" என்றேன். உன் நிலைமையைப் பற்றி எழுதிக்கொள்ள நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.