ஸ்டூலில் என் பை

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நலமாக இருந்தால் போனிலேயே பேசியிருப்பேனே. உங்கள் அறையில் ஆறு பேர். நீங்களோ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் துணி துவைப்பீர்கள். அதனால்தான் தபால். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளை காலையில் எதையும் உள்ளே தங்க விடுவதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு சிபிலிஸ் இருக்கிறது. பால்வினை நோய்ப் பிரிவில் ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸுக்கு.

எங்கள் பிரிவுக்குப் புது சோதனைக் கிட் வந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். இரண்டு கோடு விழுந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா, ஒருவருக்கொருவர் குத்திப் பழகுங்கள் என்றார். சர்க்கரை பார்க்கும் மெஷின் வந்தபோதும் அப்படித்தான் பழகினோம். நோய் என்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்குத்தான் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. கிட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். என்னுடையதில் இரண்டாவது கோடு விழுந்தது.

டாக்டரம்மா சட்டென்று ட்ரேயை மூடி, எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினார். பிறகு என்னிடம், "இது என் தப்பும்மா, இப்படி எல்லார் முன்னாடியும் செய்ய வெச்சிருக்கக் கூடாது" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கு அழுகைகூட வரவில்லை. லேபில் மறுபடி பார்த்தார்கள். அதே முடிவுதான்.

எங்கள் பிரிவு நர்ஸ் 'ஒலிபெருக்கி'யை உங்களுக்குத் தெரியும், காலையில் கேட்டதை மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரப்புகிறவள். அவள் கிட்டைப் பார்த்துவிட்டாள். இதுவரை ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. எனக்கு ஊசி போட்டதும் அவள்தான். இடுப்பின் இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு எல்லார்கிட்டயும் அளப்பியே, இப்ப சொல்லுடி" என்றாள். அப்போதுதான் அழுதேன். எறும்பு இல்லை அத்தான், தேள்.

வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. ஒன்று முடிந்தது. நேரத்தோடு கண்டுபிடித்ததால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் நீங்கள் மருந்து போடாமல் வந்தால் எனக்குத் திரும்பவும் தொற்றும், என்னிடமிருந்து பிள்ளைக்கும் போகும். இதைத் தினம் பத்துப் பெண்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு எழுத மூன்று காகிதம் கிழித்தேன்.

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு நோயாளியைக் குடையக் கூடாது என்பது எங்கள் பாடம். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஊசி என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்! வாயால் சொல்வது எவ்வளவு சுலபம். என் வாழ்க்கையில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இந்த நோய் பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும், நம் கல்யாணத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த நிமிஷமே உங்கள் மேல் கோபம் பொங்குகிறது. நேற்று அத்தை பார்க்க, வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மசக்கை என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும்.

எங்கள் அறையில் இரண்டு ஸ்டூல் இருக்கும். ஒன்று நோயாளிக்கு, இன்னொன்று துணைக்கு. வருகிற பெண்கள் எல்லாரும் அந்த இரண்டாவது ஸ்டூலில் பையை வைப்பார்கள். "பை உட்கார இல்லம்மா அது, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று அதட்டுவேன். அன்றைக்கு ஊசி முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், அதில் என் பை உட்கார்ந்திருக்கிறது.

அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனைவிக்கு சிபிலிஸ், கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெட்கப்படாதீர்கள், என் மாதிரி ஒருத்திதான் அங்கேயும் இருப்பாள். மருந்து போட்டுக்கொண்டு வாருங்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அதற்குத் தைரியம் வராவிட்டாலும் மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குள் லீவில் வந்துவிடுவீர்கள், அன்றைக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அத்தான், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அன்றைக்குப் பையை மடியில் வைத்துக்கொள்ளப் போகும்,
உங்கள் மனைவி