கலர் பென்சில் இருந்த சட்டைப் பை

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சின்னவள் இன்னும் ஆறு மணியானால் அப்பா வருவார் என்று வாசலுக்கு ஓடுகிறாளாமே. வேலை முடிந்தால் உன் வீட்டுக்காரன் டீ குடிக்கக்கூட நிற்கமாட்டான். "பொண்ணு காத்துட்டிருப்பாடா" என்று கிளம்பிவிடுவான். நான் தாமதமாக வந்த நாளெல்லாம் எனக்காகத் திட்டு வாங்கியவனும் அவன்தான்.

லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் உயிர். அவன் பூட்டவே இல்லை, சாவுக்கு அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

அவன் பூட்டினான், தங்கச்சி. சட்டைப் பையில் சின்னவளுக்கு வாங்கிய கலர் பென்சில் இருந்ததே, சாவி இடித்து அதன் முனை உடைந்துவிடும் என்று சாவியை என்னிடம் தந்தான். வேலை முடிந்து மேலே வந்திருப்பான் என்று நினைத்து, ஒரு குரல்கூடக் கொடுக்காமல் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

கடைசியாக என்ன சொன்னார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். "உங்கிட்ட இருந்தா என்கிட்ட இருக்கிற மாதிரிதான்டா" என்றான்.

சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று நீயே முடிவு செய்.

இப்படிக்கு,
நீ அண்ணன் என்று கூப்பிட்டவன்