ஏழு தரம் அடிக்க வேண்டிய மணி

மாசி 4
பனி. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்று. பிறகு தம்பி இராசுவுடன் ஆஸ்பத்திரி. ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். "இனி அவர் விரும்பினதைச் செய்யுங்கோ," என்றார் டொக்டர்.
தம்பியைக் கேட்டேன்.
"சிவனொளிபாத மலையிலை சூரியன் எழும்புறதைப் பாக்கவேணும். நீங்கள் ஆறு தரம் பாத்த சூரியன், அண்ணை."
“ஓம்” என்று மட்டும் சொன்னேன். சண்டிலிப்பாயில் வாய்க்குப் பேர்போன நான்!

மாசி 5
இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஆறு தரமில்லை. ஒரு தரமும் இல்லை. இருபது வருடத்துக்கு முன், யுத்த நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலத்தில், அடிவாரம் வரை போனேன். பெருமழை. ரொட்டி தின்றுவிட்டுத் திரும்பினேன். மறித்த சிறுத்தையை விரட்டிவிட்டு ஏறிச் சூரியனைப் பார்த்ததாக ஊரில் சொன்னேன்; சொல்லச் சொல்ல ஒன்று ஆறானது. சிறுத்தை இருந்தும் இருக்கலாம்.
கொண்டுபோக: கம்பளி, மருந்துப் பை, சுடுதண்ணீர்ப் போத்தல், புட்டு.
புட்டுக் கட்டிய தம்பி மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை; இந்த உடம்போடு அவனைக் கூட்டிப்போகிறேன் என்ற கோபம்.

மாசி 8. மலை
இருபதினாயிரம் படியாவது இருக்கும். பாதித் தூரம் தம்பியை நானே தூக்கினேன். சரி, கொஞ்சத் தூரம். உச்சிக்குச் சற்றுக் கீழே, தேநீர்க் கடையில் இருந்துவிட்டான். உதடு நீலம்.
"இனி ஏலாது. நீங்கள் போங்கோ. எத்தனை தரம் ஏறினமோ அத்தனை தரம் மேலை மணி அடிக்கவேணுமாம். இதோடை உங்களுக்கு ஏழு. நான் இருந்து எண்ணுறன்."
உச்சி. விடிந்தது. சூரியன் இல்லை. முகில், முகில், முகில். முன்னால் நின்ற சிங்கள அம்மா பதினொரு தரம் அடித்தார். பிறகு நான். ஒரு தரம் அடித்தேன். அதற்கு மேல் கை எழவில்லை.
இறங்கி வந்தேன்.
"ஒண்டுதான் கேட்டுது."
"ஒண்டுதான்ரா."
"சூரியன்?"
"முகில். ஒண்டும் தெரியேல்லை."
தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.
"இருபது வருசம் புளுகினீங்கள். எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்கள்? உண்மை சொல்ல இண்டைக்கோ நாள் கிடைச்சது?"

மாசி 9. பஸ்
வெயில். அவன் தலை என் தோளில். எலும்புதான். நான் பார்க்காத சூரியனைச் சொல்லத் தொடங்கினேன். முதலில் இருட்டுக்கு ஒரு சிவப்புக் கரை. பிறகு எங்கள் தோட்டக் கிணறு அகலத்துக்குச் சூரியன். மூன்று தரம் துள்ளி எழும்பியது.
"மூண்டே?"
"நாலு."
"ம்."
வவுனியாவுக்குப் பிறகு "ம்" வரவில்லை. மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது. சூரியனை இறங்கவிடாமல் யாழ்ப்பாணம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.